கைக்குழந்தையோடு இருக்கும் ஆணுக்குப் பகலில் எந்தத் திண்ணை?

9 ஜனவரி 2025, இரவு 11.20

கேள்வி இதுதான். கைக்குழந்தையைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் அப்பாக்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்கள் நண்பர்களை எப்போது பார்க்கிறீர்கள்?

நான் இருப்பது மதுரையில், தெப்பக்குளம் பக்கம். மகளுக்கு ஐந்தரை மாதம். மனைவிக்குத் தனியார் வங்கி ஒன்றில் வேலை. 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்துகொண்டிருந்தேன், டிசம்பரோடு விட்டுவிட்டேன். என் அம்மா இல்லை. மாமியார் ராஜபாளையத்தில் இருக்கிறார், முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாது. இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம், எந்தச் சம்பளம் பெரிதோ அது இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பிள்ளையை நானே வளர்க்கிறேன் என்று சொன்னதும் நான்தான்.

வருத்தம் வேறு. செவ்வாய் இரவு ஒன்பதரைக்குத் தெப்பக்குளம் வடகரைத் தேநீர்க் கடை. சனிக்கிழமை இரவு பரோட்டா. ஞாயிறு காலை இறகுப்பந்து. ஐந்து பேர், பதினான்கு வருடப் பழக்கம். இப்போது ஒன்பதரை மணி என்பது தூளியின் கயிற்றைப் பிடித்தபடி இருட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம். பத்தரைக்கு மறுபடி விழிப்பாள். இந்த ஊரைத் தூங்கா நகரம் என்கிறார்கள். அதன் ஆண்கள் கூடுவதெல்லாம் இரவில்தான் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

12 ஜனவரி

"பெண்கள் காலங்காலமாக இதைத்தான் செய்கிறார்கள், அவர்கள் யாரிடம் போய்க் கேட்டார்கள்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. எங்கள் தெருவில் பகல் பதினோரு மணிக்குப் பெண்கள் கூடும் இடம் ஒன்று உண்டு, எதிர்வீட்டுப் பூக்காரப் பெரியம்மாவின் வாசற்படி. மல்லிகை கட்டிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு அக்கா மெதுவாக, "வேலை போய்விட்டதா தம்பி?" என்று கேட்டார். அவர் அக்கறையோடுதான் கேட்டார். எனக்குத்தான் நெஞ்சில் குத்தியது.

ஆண்கள் கூடும் இடத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பீடிப் புகை, ஹாரன், உட்கார நாற்காலி கிடையாது. பெண்கள் இருக்கும் இடத்தில் நான் ஆண், ஆண்கள் இருக்கும் இடத்தில் என் கையில் பிள்ளை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு மறந்துவிடும். இன்று பாயில் குப்புறக் கிடந்தவள் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் ஊன்றி, முகத்தைத் தூக்கி ஆடினாள். செங்கீரை! பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் சொன்ன பருவம். கல்லூரியில் பத்துப் பருவங்களையும் மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அப்படி ஓர் ஆட்டம் உண்மையில் உண்டு என்பதை இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அந்தப் புலவர்களில் மிகப் பலர் ஆண்கள். தரையில் கூடவே படுத்துக் கிடந்து பார்க்காமல் இதை எழுதியிருக்க முடியாது.

16 ஜனவரி

நேற்று பாலமேடு, இன்று அலங்காநல்லூர். தடை இருந்த 2015, 2016 நீங்கலாக ஒவ்வொரு வருடமும் பாலமேட்டுக்கு ஐந்து பேரும் சேர்ந்து போயிருக்கிறோம். இந்த முறை நான்கு பேர். ஒருவனும் என்னை அழைக்கவில்லை. வர மாட்டான் என்று தெரிந்தாலும் அழைப்பதுதானே மரியாதை? தொலைக்காட்சியில் வாடிவாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காளை ஒன்று நின்று விளையாடியது, யாரையும் கிட்டே விடவில்லை. பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை. மகளிடம் சொன்னேன்.

மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

28 ஜனவரி

ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கியாயிற்று. ராகிப் பால் எப்படிக் காய்ச்சுவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ராகியை இரவே ஊறவைத்து, காலையில் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிய வேண்டும். பிழிந்த சக்கையை இன்னொரு முறை அரைத்துப் பிழியலாம். அந்தப் பாலைச் சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும், பளபளவென்று நிறம் மாறும்வரை. விட்டால் கட்டி தட்டிவிடும். உப்பும் சர்க்கரையும் வேண்டாம், ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வசம்பு உரசி நாக்கில் தடவச் சொன்னவர்களும் உண்டு; அதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னார். முதல் நாள் இரண்டு கரண்டி போதும். ஒரு புதிய உணவைக் கொடுத்தால் மூன்று நாளாவது அதையே கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

தூளிக்கு மனைவியின் பாட்டி கட்டிய பழைய சுங்குடிச் சேலை. பல வருடம் துவைத்துத் துவைத்துப் பருத்தி பஞ்சுபோல ஆகியிருக்கிறது. புதுச் சேலையில் படுக்கவைத்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறாள்.

தாலாட்டு எனக்கு வராது. கேட்டவற்றில் எல்லாம் மாமன் வருகிறார், அத்தை வருகிறார், பாடுகிறவர் அம்மாவாகவே இருக்கிறார். ஆகவே பஸ் நிறுத்தங்களைப் பாடுகிறேன். பெரியார் நிலையம், சிம்மக்கல், கோரிப்பாளையம், கே.கே.நகர் என்று ராகம் போட்டு இழுத்தால் மாட்டுத்தாவணி வருவதற்குள் தூங்கிவிடுகிறாள். திரும்பி வரும் பஸ்ஸை இதுவரை பாட நேர்ந்ததில்லை.

3 பிப்ரவரி

ஜனவரி 16இல் எழுதியதைத் திருத்த வேண்டும். அழிக்க மாட்டேன், அது அங்கேயே இருக்கட்டும்.

பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பன் இன்று மாலை வந்தான். கதவைத் தட்டவில்லை, கீழே நின்று, "வரலாமா?" என்று குறுஞ்செய்தி அனுப்பினான். ஏன் இந்தத் தயக்கம் என்றேன். "நீதானே மாப்பிள்ளை, நவம்பரில் இனி போன் செய்யாதே என்றாய்?" என்றான்.

யோசித்துப் பார்த்தேன், சொல்லியிருக்கிறேன். நவம்பரில் ஒரு இரவு, மூன்று மணி நேரம் அழுது அப்போதுதான் கண்ணை மூடியவள் தொலைபேசி மணியில் அலறி எழுந்தாள். அழைத்தது ஆட்டோ ஓட்டும் நண்பன். "எட்டு மணிக்கு மேல் எவனும் போன் செய்யாதீர்கள், உங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா?" என்று கத்திவிட்டு வைத்தேன். நான் மறந்துவிட்டேன். அவன் மற்ற மூன்று பேருக்கும் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். பாலமேட்டுக்குப் போகும் வழியில்கூட என்னை அழைக்கலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டே போனார்களாம்.

இரண்டு வாரம் அவர்கள் மேல் மனத்தாங்கலோடு இருந்தேன். ஆட்டோ நண்பனை இன்று இரவே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "விடுடா, பிள்ளை தூங்குகிறாளா?" என்றான்.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம், தெப்பத் திருவிழா. வீட்டிலிருந்து நடை தூரம். காலையில் வெயில் ஏறும் முன் அவளை நெஞ்சோடு துணியில் கட்டிக்கொண்டு போனேன். குளம் நிறையத் தண்ணீர், நடுவில் மைய மண்டபம், தெப்பத்தை வடம் பிடித்து இழுக்கிறார்கள். அவள் தெப்பத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரில் வெயில் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் இமைக்காமல். பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் அவள் அமைதியாக இருந்து நான் கண்டதில்லை.

கூட்டத்தில் என்னைப் போலவே பிள்ளையை நெஞ்சில் கட்டிய இன்னோர் ஆளைப் பார்த்தேன். இருவரும் தலையசைத்தோம். பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

6 மார்ச்

பூக்காரப் பெரியம்மா என்னை அழைத்துவிட்டார்!

நடந்தது இது. ஒரு மாதமாக நான் எதிர்ப்படிக்குப் போகவில்லை. பதினோரு மணிக்கு எங்கள் வீட்டுக் கீழ்ப்படியிலேயே பாய் விரித்து உட்கார்ந்துகொள்வேன். அவர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். நடுவில் பத்தடி தெரு. மகள் பெரியம்மாவின் விரல்களையே பார்ப்பாள். நாரில் இரண்டிரண்டு மொட்டாக வைத்து, சுற்றி, இழுத்து முடிச்சிடும் வேகம் அப்படி. இன்று பெரியம்மா, "அங்கே இருந்து எட்டி எட்டிப் பார்க்கிறாளே, இங்கே கொண்டுவா தம்பி. வெயில் வேறு" என்றார். போனேன். பேச்சு நின்றது, ஒரு நிமிடம் இருக்கும். பிறகு மொட்டு விலையிலிருந்து மறுபடி தொடங்கிவிட்டது.

ஜனவரியில் இவர்களைப் பற்றி எழுதியதில் எனக்கு இப்போது வேறு எண்ணம். நாள் முழுவதும் ஆண்களுக்கு அஞ்சிப் பேச வேண்டிய பெண்களுக்குக் கிடைத்த ஒரு மணி நேரம் அது. அதில் ஓர் ஆண் வந்து நின்றால் வாயை மூடத்தான் செய்வார்கள். நான் அந்த இடத்துக்கு உரிமை கொண்டாடியிருக்கக் கூடாது. காத்திருந்தது சரி.

7 மார்ச்

மூன்று மணி நேரம் ஒரே தூக்கம். எழுதிவைக்கிறேன்.

17 மார்ச்

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனைவி எழுதச் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை இரவு ஒரு சண்டை. அவள் ஏழு மணிக்கு வந்ததும் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டு, "நான் ஒரு மணி நேரம் வெளியே போய்வருகிறேன், மூச்சு முட்டுகிறது" என்றேன். போய்வா என்றாள். செருப்பை மாட்டும்போது மிகவும் சாதாரணமாகக் கேட்டாள். "நான் வீட்டில் இருந்த ஆறு மாதத்தில் நீ எத்தனை செவ்வாய் தெப்பக்குளம் போகாமல் இருந்தாய்?"

நின்றுவிட்டேன்.

பிரசவமான பதினெட்டாவது நாள் செவ்வாய்க்கிழமை நான் வடகரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவள்தான் போகச் சொன்னாள், நானும் போனேன். அவளுக்கு மூன்று தோழிகள். பள்ளியிலிருந்து கூடப் படித்தவர்கள். மாதம் ஒரு முறை சேர்ந்து புது மண்டபம் பக்கம் சுற்றுவார்கள், விளக்குத்தூணில் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வருவார்கள். ஏழாம் மாதத்தோடு அது நின்றுபோனது. அவர்களை அவள் கடைசியாக எப்போது பார்த்தாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தாய்க்கு அது தேவைப்படும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. எனக்கு நேர்ந்தபோது முதல் வாரத்திலேயே இங்கே வந்து கேள்வி எழுதிவிட்டேன்.

அன்று வெளியே போகவில்லை. சமாதானத்துக்காக இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இருவரும் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கிக்கு விடுமுறை. அந்த இரண்டு சனிக்கிழமையும் காலை ஆறு முதல் ஒன்பது வரை என்னுடையது. மாதத்தில் இரண்டு ஞாயிறு பிற்பகல் அவளுடையது. எங்கே போகிறாய் என்று நான் கேட்கக் கூடாது. செவ்வாய் இரவு யாருக்கும் கிடையாது, சீக்கிரம் தூக்கம். எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

ஜனவரி 12 அன்று என்னைக் கேட்டவருக்கு: நீங்கள் கேட்டதுதான் சரி. அன்று நான் "வேறுபாடு" என்று தொடங்கிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

23 ஏப்ரல்

ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி. புதன்கிழமை, ஒரு சுகாதார நிலையம், நாற்பது அம்மாக்கள், நான். ஊசி போட வந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டு மூன்று முறை கேட்டார். "அம்மா எங்கே?" வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். "பிள்ளைக்கு முன்பு காய்ச்சல் வந்ததா, என்ன சாப்பிடுகிறது, அதெல்லாம் அம்மாவுக்குத்தானே தெரியும்?" எனக்குத் தெரியும் என்று சொல்லி, கடந்த இரண்டு மாதத்தில் வந்த ஒரே காய்ச்சலின் தேதியையும் எத்தனை டிகிரி என்பதையும் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை, கனிவாகவே ஊசி போட்டார்.

இந்த நாட்டில் மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு. தனியார் துறையில் வேலை செய்யும் தந்தைக்கு நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை. பிள்ளை பிறந்தபோது எனக்குக் கிடைத்தது இரண்டு நாள். பதினைந்து நாளில் திரும்பிவிடுகிறவன், இரண்டு நாளில் திரும்பிவிடுகிறவன் என்றே அப்பாவைப் பார்த்துப் பழகியவர்கள், அம்மா எங்கே என்று கேட்காமல் வேறு என்ன கேட்பார்கள்? கோபம் அவர் மேல் வந்திருக்க வேண்டியதில்லை.

ஊசி போட்ட அழுகை அடங்கியதும் வீட்டில் இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டினாள். சப்பாணி, ஒன்பதாம் மாதம். புலவர்கள் கணக்குத் தவறவில்லை.

13 மே

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். பத்து மாதப் பிள்ளையோடு வைகைக் கூட்டத்துக்குள் போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன், மனைவியும் அதையே சொன்னாள். ஆனால் இந்த முறை நண்பர்கள் நான்கு பேரும் ஆற்றிலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தலை முதல் கால் வரை நனைந்து, ஒருவன் தோளில் தண்ணீர் பீச்சும் தோல் பை. ஆட்டோ நண்பன் ஒரு துளி அளவு அவள் பாதத்தில் பீச்சினான். சிரித்தாள். இன்னும் ஒரு முறை. மறுபடியும். அரை மணி நேரம் நால்வரும் கூடத்தில் ஈரத்தோடு நின்றுகொண்டு இதையே செய்தார்கள். நான் உப்புமா கிளறினேன்.

8 ஜூன்

ராஜபாளையம் போகும் வழியில் ஒரு பஸ் நிலையம். மனைவி எடுத்துவைத்துவிட்டுப் போன பால் பனிக்கட்டிப் பையில் இருக்கிறது. அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம்தான் கணக்கு; இந்த வெயிலில் அதைக்கூட நான் நம்புவதில்லை. மகளுக்குப் பசி. உட்கார்ந்து புகட்ட நிழல் இல்லை. 2015இல் தமிழ்நாட்டின் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். நல்ல ஏற்பாடு. அதற்குள் ஆண் போகக் கூடாது என்பதும் நியாயம். எனக்கு அந்த அறை வேண்டாம். அதன் பக்கத்தில் ஒரு பெஞ்சு, ஒரு குழாய், பிள்ளையைப் படுக்கவைத்துத் துணி மாற்ற ஒரு பலகை, அம்மா அப்பா தாத்தா யார் வந்தாலும் பயன்படும்படி வைத்தால் போதும்.

அங்கே தரையில் அமர்ந்துதான் புகட்டினேன். பழக்கடைப் பெரியவர் ஒருவர் தன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

21 ஜூலை

நேற்று ஒரு வயது. ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது நல்லதாகப் போயிற்று. மண்டபம், வாழ்த்துப் பலகை எதுவும் வேண்டாம் என்று முன்பே முடிவு. மொட்டை மாடியில் பாய் விரித்தோம். என் நண்பர்கள் நான்கு பேரும் வீட்டாரோடு வந்தார்கள், மனைவியின் மூன்று தோழிகளும் வந்தார்கள். பூக்காரப் பெரியம்மா இரண்டு முழம் மல்லிகையோடு வந்து, "இது மகளுக்கு" என்று ஒன்றை என் மனைவியிடம் கொடுத்தார். இன்னொன்றை என் கையில் வைத்தார். "நீயும் ஒரு வருடம் தூக்கிச் சுமந்தாயே தம்பி." ஆறு மாதம்தான் என்று திருத்த வாயெடுத்தேன். சொல்லவில்லை. சாமி படத்தில் போட்டேன்.

மனைவியின் தோழிகளில் ஒருவர் கேட்டது மனத்திலேயே இருக்கிறது: "அண்ணா, நீங்கள் மறுபடி வேலைக்குப் போனால் செவ்வாய்க்கிழமை தேநீர் மறுபடி தொடங்குமா?" தொடங்காது என்று உடனே சொன்னேன். இரவு படுக்கும்போது, அப்படி அடித்துச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. மாதம் ஒரு செவ்வாய் தொடங்கினால் என்ன? அவளிடம் கேட்க வேண்டும்.

22 ஜூலை

கேட்டேன். மாதம் ஒரு செவ்வாய். அவளுக்கு மூன்றாவது ஞாயிறு.

17 ஆகஸ்ட்

செப்டம்பரில் தொடங்கப்போகும் அப்பா ஒருவர், அனுப்பானடிக்காரர், நேற்று எழுதியிருக்கிறார். இரட்டைக் குழந்தைகள். "முதல் மாதம் எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்.

என்னால் அதை இங்கே எழுதிச் சொல்ல முடியாது, நேரில் வாருங்கள். வரும் 23ஆம் தேதி நான்காம் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குத் தெப்பக்குளத்தின் வடகரைப் படிக்கட்டு. இறகுப்பந்தை விட்டுவிட்டோம். எங்களில் இன்னொருவனுக்கும் ஜூனில் மகன் பிறந்துவிட்டான்; அவனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். வடகரைக் கடையில் அந்த நேரத்தில் புகை இருக்காது. கடைக்காரரிடம் சொல்லி ஒரு பெஞ்சைக் கரையோரம் போட்டு வைத்திருக்கிறோம். இருவரையும் தூக்கிக்கொண்டு வாருங்கள், பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறோம். மாற்றுத் துணி குறைந்தது மூன்று எடுத்து வையுங்கள். வெயில் எட்டரைக்கே ஏறிவிடும், தொப்பி மறக்க வேண்டாம்.